24 மாத்திரையில் 18 மீதி

முடக்குவாதம் உள்ள தன் அம்மாவைப் பற்றி ஒரு மகள் எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அம்மாவுக்கு 58 வயது. 4 ஆண்டுகளுக்கு முன்பு இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்க ஆரம்பித்தன. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரலை மடக்கவே முடியாது. பரிசோதித்ததில் ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், அதாவது முடக்குவாதம் என்று உறுதியானது. வாரத்தில் ஒருநாள் மெத்தோட்ரெக்சேட் 15 மில்லிகிராம், கூடவே ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை, தினமும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 5 மில்லிகிராம். முதல் வருடம் ஒழுங்காகச் சாப்பிட்டார், நன்றாகவும் ஆனார். "வலிதான் போய்விட்டதே" என்று மெத்தோட்ரெக்சேட்டை அவராகவே நிறுத்தினார். சில மாதங்களில் வீக்கம் திரும்பி வந்தது, மறுபடி ஆரம்பித்தார். அதிலிருந்து சாப்பிடுவதும் விடுவதுமாகப் போகிறது.

இரண்டு மாதத்துக்கு முன் டாக்டரைப் பார்த்தபோது "எல்லா மாத்திரையும் சரியாகச் சாப்பிடுகிறேன்" என்று அம்மா சொல்லியிருக்கிறார். வீங்கிய மூட்டுகளைப் பார்த்த டாக்டர் அளவை 20 மில்லிகிராமாகக் கூட்டினார். அப்புறம் ஒருநாள் அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது பழைய மாத்திரை டப்பா மகள் கையில் கிடைத்தது. வாரம் இரண்டு வீதம் 12 வாரத்துக்கு வாங்கிய 24 மாத்திரைகளில் 18 அப்படியே இருந்தன. கத்திவிட்டார். அம்மா அழுதார், அதற்குப் பிறகு பத்து நாளாகச் சரியாகப் பேசவில்லை. ஸ்டீராய்டை மட்டும் அம்மா ஒருநாள்கூட விடுவதில்லையாம், வலி அதிகமான நாட்களில் இரண்டாகவும் போட்டுக்கொள்கிறாராம். "இது புற்றுநோய்க்குக் கொடுக்கிற மாத்திரை, கல்லீரலும் சிறுநீரகமும் போய்விடும்" என்று யாரோ சொன்னதை அவர் பிடித்துக்கொண்டிருக்கிறார். அப்பாவும் "எத்தனை வருஷத்துக்குத்தான் மாத்திரை தின்பது" என்று அம்மா பக்கம்.

மகளின் கேள்விகள் மூன்று. அம்மாவுக்குத் தெரியாமல் மாத்திரையைப் பொடித்துப் பானத்தில் கலந்து கொடுக்கலாமா? அம்மாவுக்குத் தெரியாமல் டாக்டரிடம் சொல்லிவிடலாமா? இந்த மாத்திரையை உண்மையிலேயே காலம் முழுக்கச் சாப்பிட வேண்டுமா? கடிதத்தின் நடுவில், போகிற போக்கில், தானும் கணவரும் குழந்தைக்காக முயன்றுகொண்டிருப்பதாகவும் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அன்புள்ள மகளுக்கு,

நீங்கள் கண்டுபிடித்த அந்த 18 மாத்திரைகளைத் திரும்ப ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். 24இல் 18 போக 6. வாரத்துக்கு இரண்டு என்றால் மூன்று வாரம். அதாவது உங்கள் அம்மா மூன்று வாரம் முயன்றிருக்கிறார். "அம்மாவுக்குத் தன் உடம்பின் மேலேயே அக்கறை இல்லை, ஒரே பிடிவாதம்" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அக்கறை இல்லாதவர் மூன்று வாரம்கூடச் சாப்பிட்டிருக்க மாட்டார், ஸ்டீராய்டை ஒருநாள் விடாமல் போட்டுக்கொண்டும் இருக்க மாட்டார். அவருக்கு மருந்து பிடிக்காமல் இல்லை, ஒரு குறிப்பிட்ட மருந்துதான் பிடிக்கவில்லை. அப்படியானால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். உங்கள் கடிதத்தில் எத்தனையோ விவரங்கள் இருந்தும் அந்தக் காரணம் மட்டும் இல்லை. யாரும் அவரைக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உங்கள் கோபம் கொஞ்சம் இறங்கும். நீண்டகால நோய்களுக்கு மருந்து எழுதிக் கொடுத்தால், வசதியான நாடுகளிலேயே ஏறக்குறைய பாதிப் பேர்தான் சொன்னபடி சாப்பிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் ஓர் அறிக்கையில் சொன்னது. பாதிப் பேர்! மீதிப் பாதியும் உங்கள் அம்மா மாதிரிதான். ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக்கை ஒழுங்காக முடிக்காத டாக்டர்களும் உண்டு, இதை எழுதுகிறவன் உட்பட. மருத்துவர் அறைக்குள் வந்து "ஆமாம், எல்லாம் சாப்பிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களை நாங்கள் தினமும் பார்க்கிறோம். பாதி நேரம் அது எங்களுக்குத் தெரிவதில்லை, தெரிந்த நேரத்தில் பல சமயம் நாங்கள் சரியாகக் கேட்பதும் இல்லை.

ஏன் அந்த மாத்திரை மட்டும்?

அம்மாவின் இடத்திலிருந்து பாருங்கள். ஸ்டீராய்டு மாத்திரையைக் காலையில் போட்டால் ஓரிரு நாளிலேயே, சிலருக்கு அன்றைக்கே, விரல் மடங்குகிறது. மெத்தோட்ரெக்சேட் அப்படி இல்லை. அது வேலையைக் காட்ட 6 முதல் 12 வாரம் ஆகும், முழுப் பலன் தெரிய சில சமயம் அதற்கும் மேல். பலன் இவ்வளவு தாமதமாக வருகிறதே தவிர, தொந்தரவு உடனே வந்துவிடுகிறது. மாத்திரை போட்ட மறுநாள் குமட்டல், அசதி, தலை ஒரு மாதிரி கனமாக இருப்பது, எதிலும் மனம் ஒட்டாமல் போவது, இதெல்லாம் பலருக்கு உண்டு. ஆக உடம்பு தனக்குத்தானே ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறது: இந்த மாத்திரை நல்லது, அந்த மாத்திரை கெட்டது. கணக்கு தப்புதான், ஆனால் அம்மா அனுபவத்தில் அதுதான் தெரிகிறது. சிலருக்கு அந்த மஞ்சள் மாத்திரையைக் கையில் எடுத்தாலே, வாயில் போடுவதற்கு முன்பே, குமட்டும். இது நடிப்போ பிடிவாதமோ கிடையாது, உடம்பு பழகிக்கொண்ட ஒன்று. எங்களுக்கு இது நன்றாகவே தெரிந்த விஷயம்.

முதல் வருடத்தையும் யோசித்துப் பாருங்கள். அப்போது இரண்டு மருந்தையும் சேர்த்துச் சாப்பிட்டு நன்றாக ஆனார். எந்த மாத்திரையால் ஆனது என்று அவருக்கு எப்படித் தெரியும்? போட்ட உடனே சுகம் தந்த மாத்திரைக்குத்தானே நன்றி போகும். மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தியபோதும் வலி மறுநாளே திரும்பி வரவில்லை, சில மாதம் கழித்து வந்தது. அதனால் நிறுத்தியதற்கும் வலிக்கும் இருந்த தொடர்பும் அவர் கண்ணில் படவில்லை.

ஸ்டீராய்டின் இந்த மயக்கம் நோயாளிகளுக்கு மட்டும் வந்ததும் இல்லை. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் முடக்குவாதத்தில் கிடந்த ஒரு பெண்ணுக்கு முதல்முறையாக கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தார். சில நாட்களிலேயே அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச்சுக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசே கிடைத்தது. நோயை முடித்துவிட்டோம் என்றுகூடப் பலர் நினைத்தார்கள். பக்கவிளைவுகள் வரிசையாக வர ஆரம்பித்த பிறகுதான் இது மூட்டைக் காப்பாற்றும் முழு வழி இல்லை என்று புரிந்தது. மருத்துவ உலகமே ஒருமுறை விழுந்த குழியில்தான் உங்கள் அம்மாவும் விழுந்திருக்கிறார்.

அந்தச் சின்ன ஸ்டீராய்டு மாத்திரையைத்தான் நான் அதிகம் கவனிக்கச் சொல்வேன். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் போகும்போது, அதுவும் மாதவிடாய் நின்ற வயதில், ஸ்டீராய்டு எலும்பை மெலியவைக்கும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறலாம், கண்ணில் புரை வரலாம், தோல் மெலிந்து சின்ன இடிக்கும் ரத்தம் கட்டலாம். வலி வந்தால் இரண்டு என்று அவராகவே கூட்டிக்கொள்வது நிற்க வேண்டும். அதற்காக நீங்கள் பயந்துபோய் ஸ்டீராய்டைப் பிடுங்கி வைத்துவிடாதீர்கள், அது இன்னும் பெரிய ஆபத்து. பல வாரங்களுக்கு மேல் தொடர்ந்து சாப்பிட்டவர்களின் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டு சுரப்பைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, தலைச்சுற்றல், ரத்த அழுத்தம் சரிவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். கூட்டுவதோ குறைப்பதோ, எதுவானாலும் டாக்டர் சொல்லித்தான், படிப்படியாகத்தான்.

பொடித்துக் கலந்து கொடுக்கலாமா?

கூடாது. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. காரணங்கள் மூன்று, அதில் ஒன்று நீங்கள் எதிர்பார்க்காதது.

முதலாவது, மெத்தோட்ரெக்சேட் பொடிக்கக் கூடாத மாத்திரை. பொடித்தால் அந்தத் தூள் கையில் ஒட்டும், மூச்சிலும் போகும். கருவைப் பாதிக்கும் மருந்து இது. கர்ப்பமாக இருப்பவர்களும் கருத்தரிக்க முயல்பவர்களும் உடைந்த மாத்திரையையோ தூளையோ தொடவே கூடாது. உங்கள் கடிதத்தின் நடுவில் இருந்த அந்த ஒரு வரியை மறுபடி படியுங்கள். அம்மாவுக்குக் கலந்து கொடுக்க நினைக்கும் மருந்தால் நீங்கள் ஆசைப்படும் குழந்தைக்கே ஆபத்து. முழு மாத்திரையை எடுத்துத் தர வேண்டிய நிலை வந்தால்கூடக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிறகு கையைக் கழுவிவிடுங்கள். முடிந்தால் இந்த ஒரு வேலையை அப்பாவிடம் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, நீங்கள் ரகசியமாகக் கொடுத்த வாரத்தில் அம்மாவும் மனம் மாறித் தானாக ஒரு தவணை போட்டுக்கொண்டால் அளவு இரட்டிப்பாகிவிடும். இந்த மருந்தில் அப்படி நடப்பதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அவர் சாப்பிடுவதில்லை என்று நினைத்து வேறொரு டாக்டர் இன்னொரு மருந்தை எழுதினாலும் சிக்கல்தான்.

மூன்றாவது, அவர் சுயநினைவோடு தன் விஷயத்தைத் தானே முடிவு செய்யக்கூடிய பெரியவர். அப்படிப்பட்டவருக்கு ஒரு மருந்தை வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருக்கிறது, அந்த முடிவு தப்பானதாக இருந்தாலும்கூட. அவர் அறியாமல் மருந்தை உடம்புக்குள் செலுத்துவது மருத்துவ அறத்துக்கு விரோதம். நான் செய்தாலும் தப்பு, மகள் செய்தாலும் தப்பு. ஒருநாள் தெரியவந்தால், பத்து நாள் பேசாமல் இருந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். அப்புறம் நீங்கள் நீட்டுகிற எதையும் அவர் நம்பி வாங்க மாட்டார்.

"புற்றுநோய் மாத்திரை", கல்லீரல், சிறுநீரகம்

அம்மா கேள்விப்பட்டது முழுப்பொய் இல்லை, அதனால் "சும்மா பயப்படாதே" என்று தள்ளிவிட வேண்டாம். மெத்தோட்ரெக்சேட் புற்றுநோய்க்கும் தரப்படுகிற மருந்துதான். ஆனால் அங்கே நூற்றுக்கணக்கான மில்லிகிராம், சில நோய்களில் கிராம் கணக்கில்கூடக் கொடுப்பார்கள். இங்கே வாரத்துக்கு 7.5இலிருந்து 25 மில்லிகிராமுக்குள். அங்கே செல்களைக் கொல்வதற்கு, இங்கே தன் மூட்டையே தாக்கிக்கொண்டிருக்கும் எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் அடக்கி வைப்பதற்கு. அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கென்று இதற்கு அனுமதி கிடைத்தது 1988இல். இன்று உலகம் முழுக்க இந்த நோய்க்கு முதலில் கையில் எடுக்கும் மருந்து இதுதான். இத்தனை ஆண்டு அனுபவத்தில் இதன் நல்லது கெட்டது இரண்டும் நன்றாகவே தெரிந்துவிட்டது.

கல்லீரல் பாதிப்பு வரலாம், ரத்த அணுக்கள் குறையலாம். அதனால்தான் ரத்தப் பரிசோதனை. ஆரம்பத்தில், அல்லது அளவைக் கூட்டும்போது, சில வாரத்துக்கு ஒருமுறை, பிறகு எல்லாம் நிலையாக இருந்தால் 2, 3 மாதத்துக்கு ஒருமுறை. பெரும்பாலும் கல்லீரல் அளவுகள் ஏறுவது முதலில் ரத்தத்தில்தான் தெரியும், அப்போதே அளவைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ சரியாகிவிடுவதுதான் வழக்கம். மது குடிப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல். சிறுநீரகத்தைப் பொறுத்தவரை அம்மா கேட்டது கொஞ்சம் தலைகீழ். இந்தச் சின்ன அளவு சிறுநீரகத்தைக் கெடுப்பது அரிது. ஆனால் சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டிருந்தால் மருந்து வெளியேறாமல் உடம்பில் தங்கி நஞ்சாகும். சிறுநீரகத்தை உண்மையில் பதம்பார்க்கிறவை வலி வரும்போதெல்லாம் சீட்டு இல்லாமல் வாங்கிப் போடுகிற வலிநிவாரணிகள்தான். வேடிக்கை என்னவென்றால் அவற்றுக்கு யாரும் பயப்படுவதில்லை.

சாப்பிடாமல் இருப்பதற்கும் ஒரு பக்கவிளைவு உண்டு, அது யார் காதிலும் விழுவதில்லை. மூட்டின் உள்சவ்வு வீங்கி வீங்கிப் பக்கத்திலுள்ள குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கும். பலருக்கு நோய் தொடங்கிய முதல் 2 ஆண்டுகளுக்குள்ளேயே எக்ஸ்-ரேயில் அரிப்பு தெரிய ஆரம்பித்துவிடும். வீக்கத்தைக் குறைக்க முடியும், அரித்த எலும்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது. வலிநிவாரணி வலியை மறைக்கும், அரிப்பை நிறுத்தாது. அடங்காத அழற்சி மூட்டோடும் நிற்பதில்லை, முடக்குவாதம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். இதையெல்லாம் அம்மாவிடம் ஒரே மூச்சில் கொட்டிவிடாதீர்கள். மிரட்டலாகத்தான் போய்ச் சேரும், மிரட்டினால் மாத்திரையை இன்னும் நன்றாக ஒளித்து வைப்பார்.

டாக்டரிடம் சொல்லலாமா?

டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். ஏனென்று சொல்கிறேன். அவர் பார்ப்பது வீங்கிய மூட்டை, கேட்பது "எல்லாம் சாப்பிடுகிறேன்" என்பதை. அவருக்கு ஒரே முடிவுதான் தோன்றும்: மருந்து போதவில்லை. அதனால்தான் 15ஐ 20 ஆக்கினார். அடுத்த முறையும் வீக்கம் இருந்தால் இரண்டாவது மருந்து சேரும், பிறகு வேறு வகை ஊசி மருந்துகள் என்று, தொற்று ஆபத்தும் செலவும் கூடுகிற இடத்துக்குப் போகும். உண்மையில் முதல் மருந்து தோற்கவே இல்லை, அதை இப்போது சரியாகச் சாப்பிட்டே பார்க்கவில்லை. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பல வாரம் மெத்தோட்ரெக்சேட்டே சாப்பிடாமல் இருந்துவிட்டு, உங்கள் சண்டைக்குப் பயந்து அம்மா நாளைக்கே 20 மில்லிகிராமை எடுத்து விழுங்கலாம். வேண்டாம். இத்தனை இடைவெளிக்குப் பிறகு எந்த அளவில் தொடங்குவது, அதற்குமுன் ரத்தம் பார்க்க வேண்டுமா என்பதெல்லாம் டாக்டர் சொல்ல வேண்டியவை.

ஆனால் முதுகுக்குப் பின்னால் போய்ச் சொல்வது கடைசி வழியாக இருக்கட்டும். நீங்கள் டாக்டரிடம் ஒரு தகவலைச் சொல்வதற்குத் தடை எதுவும் இல்லை, அவர் கேட்டுக்கொள்வார். பதிலுக்கு அம்மாவின் மருத்துவ விவரங்களை அவர் சம்மதம் இல்லாமல் உங்களிடம் பேச முடியாது, அது டாக்டர் தொழிலின் ரகசியக் காப்பு. அதைவிடப் பெரிய சிக்கல், அடுத்த சந்திப்பில் டாக்டர் "மாத்திரை மீதி இருக்கிறதாமே" என்று கேட்டுவிட்டால் அம்மாவுக்கு டாக்டர் மேலும் நம்பிக்கை போய்விடும்.

அதனால் முதலில் அம்மாவிடம் போங்கள். மன்னிப்பில் ஆரம்பியுங்கள், கத்தியதற்கு. பிறகு ஏன் சாப்பிடவில்லை என்று கேட்காதீர்கள், "ஏன்" என்றாலே விசாரணை மாதிரி ஆகிவிடும். "அந்த மாத்திரை போட்ட மறுநாள் உனக்கு எப்படிம்மா இருக்கும்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். குமட்டல் என்று சொல்லலாம், முடி கொட்டுகிறது என்று சொல்லலாம், யாரோ சொன்ன கதையைச் சொல்லலாம், செலவைப் பற்றிப் பேசலாம். "இனிமேல் என்ன இருக்கு எனக்கு" என்கிற மாதிரி ஒரு பதிலும் வரலாம். அது வந்தால், கூடவே தூக்கமும் பசியும் குறைந்து எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நீண்ட வலியோடு மனச்சோர்வும் சேர்ந்து வருவது சகஜம், அந்த நிலையில் இருப்பவரிடம் மாத்திரையைப் பற்றி மட்டும் வாதாடிப் பயனில்லை.

காரணம் குமட்டல்தான் என்றால் அதற்கு எத்தனையோ வழி இருக்கிறது என்று அம்மாவுக்குச் சொல்லுங்கள். மாத்திரையை இரவு உணவுக்குப் பிறகு, தூங்கப் போகும் முன் போடலாம். ஒரே நாளுக்குள் தவணையைப் பிரித்துப் போடச் சொல்லலாம். ஃபோலிக் ஆசிட் அளவை மாற்றலாம், குமட்டலுக்கு மாத்திரை சேர்க்கலாம். தோலுக்கடியில் போடுகிற வாராந்திர ஊசியாகவும் இதே மருந்து கிடைக்கிறது, மாத்திரையில் குமட்டியவர்கள் பலருக்கு ஊசியில் வயிறு தேவலாம். இத்தனைக்கும் ஒத்துவரவில்லையா, லெஃப்ளூனமைடு, சல்ஃபசலசின், ஹைட்ராக்சிக்ளோரோகுயின் என்று வேறு மருந்துகள் உண்டு. இதில் எதை எடுப்பது என்பது டாக்டர் வேலை. "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை" என்று அம்மா ஒரு வாக்கியம் சொன்னால்தான் அந்தக் கதவுகள் திறக்கும். அந்த வாக்கியத்தைக் கேட்டு எந்த நல்ல டாக்டரும் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் வேறு டாக்டரைப் பார்க்கும் உரிமையும் அம்மாவுக்கு இருக்கிறது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

மறுபடி ஆரம்பிப்பது என்று முடிவானால், சில சின்ன விஷயங்கள் பெரிய உதவியாக இருக்கும்.

நிறம்: மெத்தோட்ரெக்சேட்டும் ஃபோலிக் ஆசிட்டும் பல தயாரிப்புகளில் சின்ன மஞ்சள் மாத்திரைகளாகவே இருக்கும். இரண்டையும் மாற்றி, மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் சாப்பிட்டு உயிரே போன சம்பவங்கள் உண்டு. இரண்டும் ஒரே டப்பாவில் வேண்டாம். மெத்தோட்ரெக்சேட் டப்பாவின்மேல் கிழமையைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், "வாரம் ஒருநாள் மட்டும்" என்பதையும் சேர்த்து. அந்தக் கிழமையில் ஃபோலிக் ஆசிட் உண்டா இல்லையா என்பதை டாக்டரிடம் கேட்டு அதையும் எழுதுங்கள். தவறித் தினமும் சாப்பிட்டுவிட்டதாகத் தெரிந்தால், உடம்பு நன்றாக இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதற்கு முறிவு மருந்து இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால்தான் பலன்.

விரல்: யாரும் யோசிக்காத காரணம் இது. வீங்கிய விரலால் மாத்திரை அட்டையின் தகட்டை அழுத்திக் கிழிப்பதும், அழுத்தித் திருகும் மூடியைத் திறப்பதும் எவ்வளவு கஷ்டம் என்று ஒரு கையுறை போட்டுக்கொண்டு முயன்று பாருங்கள். விரல் விறைத்திருக்கும் காலை நேரத்தில் முடியவே முடியாது. மருந்துக்கடையில் எளிதாகத் திறக்கும் மூடி கேளுங்கள், இல்லையென்றால் விரல் இலகுவாக இருக்கும் மாலைக்கு மாற்றுங்கள். வீட்டில் குழந்தைகள் வந்துபோனால் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

மறதி: அம்மா மறந்து விடவில்லை, அதனால் அலாரம் வைத்துத் தீர்க்கிற பிரச்சினை இல்லை இது. காரணம் தீர்ந்த பிறகு அலாரம் உதவும், அதற்குமுன் அது இன்னொரு நச்சரிப்புதான். எப்போதாவது உண்மையிலேயே மறந்தால், பொதுவான அறிவுரை இது: இரண்டு நாளுக்குள் நினைவு வந்தால் போடலாம், அதைத் தாண்டினால் அந்த வாரத்தை விட்டுவிட்டு அடுத்த வாரம் வழக்கமான நாளில். விட்டதற்குச் சேர்த்து இரண்டு தவணை எப்போதும் கிடையாது.

மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திவிட்டு உடனே டாக்டரை அழைக்க வேண்டிய நேரங்கள்: காய்ச்சல், வாயில் புண், மூச்சு வாங்குவது, விடாத வறட்டு இருமல், காரணமில்லாமல் ரத்தம் கட்டுவது, கண் மஞ்சளாவது, உடம்பில் நீர் வற்றும் அளவுக்கு வாந்தி பேதி. வேறு டாக்டரிடம் போனால் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுவதை முதலிலேயே சொல்ல வேண்டும். குறிப்பாக டிரைமெத்தோப்ரிம் கலந்த ஆன்டிபயாட்டிக் இதோடு சேரவே கூடாது, சிறுநீர்த் தொற்றுக்கு அதைச் சாதாரணமாக எழுதிவிடுவார்கள்.

பெயர் இல்லாத மாத்திரை: கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை, இருந்தாலும் கேட்டு வைக்கிறேன். லேபிள் இல்லாத பொடியோ மாத்திரையோ யாராவது கொடுத்து அம்மா சாப்பிடுகிறாரா? சாப்பிட்ட இரண்டாம் நாளே மூட்டுவலி மாயமாகப் போனால் உள்ளே ஸ்டீராய்டு இருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள்.

காலம் முழுக்கவா?

உங்கள் அப்பா கேட்பது நியாயமான கேள்வி, அவரை எதிரியாக்கிக்கொள்ள வேண்டாம். நேர்மையான பதில்: பெரும்பாலானோருக்கு ஏதோ ஓர் அளவில் மருந்து நீண்டகாலம் தேவைப்படும். ஆனால் இப்போதுள்ள அளவிலேயே, இத்தனை மாத்திரையும் என்று இல்லை. நோய் அடங்கினால் முதலில் குறைப்பது ஸ்டீராய்டைத்தான், முடிந்தால் முழுக்கவே நிறுத்துவோம். அதன் பிறகும் குறைந்தது ஆறு மாதம் வீக்கமும் வலியும் இல்லாமல் ரத்தமும் நன்றாக இருந்தால், மற்றவற்றின் அளவையும் மெதுவாகக் குறைத்துப் பார்க்கலாம். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நன்றாகவே இருப்பவர்களும் உண்டு, ஆனால் கொஞ்சம் பேர்தான். மாத்திரை சாப்பிடும்போது ஈ.எஸ்.ஆர். (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) சரியாக வந்தது என்றால் நோய் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை, மாத்திரை வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். அம்மா முதல் வருடம் சறுக்கியது இந்த இடத்தில்தான். "குறைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை, அதற்கு நான் என்ன செய்ய வேண்டும்?" என்று அம்மாவே டாக்டரிடம் கேட்கட்டும். ஒளித்து வைப்பதைவிட அந்தக் கேள்வியால் அவருக்கு மாத்திரை சீக்கிரம் குறையும்.

இதற்கெல்லாம் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே நேரம் வாங்குங்கள். ஸ்டீராய்டை அவர் இரண்டாகப் போட்டுக்கொள்வதற்காகவே சீக்கிரம் பார்க்க வேண்டியிருக்கிறது. போகும்போது அந்த 18 மாத்திரைகளைக் குப்பையில் போட்டுவிடாமல் டப்பாவோடு எடுத்துப் போங்கள். டாக்டர் மேசைமேல் வைப்பது அம்மாவாக இருக்கட்டும். நீங்கள் வெளியே உட்கார்ந்திருங்கள், அவர் உள்ளே கூப்பிட்டால் மட்டும் போங்கள்.